நொச்சிமேட்டுக்கு எத்தனை நிமிஷம்

“என் கணக்குல என்ன தப்பு மேடம்? அதையாவது சொல்லிட்டுத் திருப்பிக் கொடுங்க.”

தேவசகாயம் சார் குரலை உயர்த்தி நான் அன்றுதான் கேட்டேன். அவருடைய அறிக்கை மூன்றாவது தடவையாகக் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்திருந்தது.

மெஹர் மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

“தப்புன்னு நான் சொல்லலையே சார்.”

“அப்போ சரியா?”

“அதையும் சொல்லல.”

இப்படிப் பேசினால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே வந்தது.

எங்கள் நீரியல் ஆய்வு மையத்தில் குரு சின்னவர், சிஷ்யர் பெரியவர். மெஹருன்னிசா மேடத்துக்கு முப்பத்தாறு வயது. தேவசகாயம் சாருக்கு ஐம்பத்து நாலு. அவர் கருங்காட்டு அணையின் பொறியாளர். அணை உடைந்தால் வெள்ளம் எந்த ஊருக்கு எத்தனை நிமிஷத்தில் போய்ச் சேரும் என்று கணக்குப் போட முறையாகக் கற்றுக்கொள்ள, இலாகா அவரை ஒரு வருஷத்துக்கு எங்களிடம் அனுப்பியிருந்தது. வந்த முதல் நாளே, “எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வச்சுக்கிட்டே சொல்லிக்கொடுங்க” என்று கையைக் கட்டிக்கொண்டு நின்ற மனுஷன்.

நான் குமுதா. வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. வாயை மூடிக்கொண்டிருப்பது என் வேலையில் சேராது.

வெள்ளத்தின் சமன்பாட்டுக்கு அதிபரவளையப் பகுதி வகைக்கெழுச் சமன்பாடு என்று பெயர். பெயரைக் கேட்டதும் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள், நானும் ஒரு காலத்தில் போனவள்தான். விஷயம் அவ்வளவு பயங்கரம் இல்லை. அலை எப்படி நகரும் என்று சொல்லும் சமன்பாடு அது. பேனாவும் பேப்பரும் வைத்து அதைத் தீர்க்க முடியாது. அதனால் நிலத்தை வரைபடத்தில் சதுரம் சதுரமாக வெட்டுகிறோம். ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குறித்துக்கொண்டு, ஒரு நொடிக்கு ஒரு தடவை பக்கத்துக் கட்டத்துக்குத் தள்ளிவிடுகிறோம். அதற்குத் தாவல் என்று பேர். ஆயிரக்கணக்கான தாவல் போட்டால் ஒரு வெள்ளம் வந்து சேரும்.

சாரின் வெள்ளம் நொச்சிமேட்டுக்கு நாற்பத்தேழாவது நிமிஷத்தில் வந்து சேர்ந்தது.

நொச்சிமேட்டில் நூற்று எண்பது வீடு. கருங்காட்டு அணைக்கான பாதுகாப்புத் திட்டத்தில் ஒரு விதி இருந்தது. நாற்பது நிமிஷமோ அதற்கு மேலோ கிடைக்கிற ஊர் என்றால் ஒரு போன் தகவல் போதும், ஜனங்கள் ரோட்டு வழியாகப் பாறைமேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்விட வேண்டும். அதற்குக் குறைந்தால் ஊருக்கென்று தனி அபாயச் சங்கு வைக்க வேண்டும், தனி வழியும் பார்க்க வேண்டும். மூன்று வாரத்தில் ஊர்க் கூட்டம். அதற்குள் மேடத்தின் கையெழுத்து வேண்டும்.

“சரியும் இல்ல, தப்பும் இல்லன்னா நான் என்னதான் செய்ய?” என்றார் சார்.

மேடம் மேஜையில் கிடந்த வரைபடத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்வாகத் திருப்பி வைத்தார். வடக்கு இப்போது ஜன்னல் மூலையைப் பார்த்தது. அப்படியே அதைச் சாரின் பக்கம் தள்ளிவிட்டு, தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அவ்வளவுதான். பேச்சு முடிந்தது.

*

“என்னைக் கிண்டல் பண்றாங்களா குமுதா?”

“மேடத்துக்குக் கிண்டல் பண்ணத் தெரியாது சார். தெரிஞ்சா நல்லாத்தான் இருக்கும்.”

சார் வரைபடத்தை நேராக வைத்துப் பார்த்தார். சாய்த்து வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கட்டத்தைச் சாய்ச்சு வெட்டச் சொல்றாங்களோ?”

என் தலையில் விடிந்தது. வடக்கு தெற்காக வெட்டியிருந்த சதுரங்களையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, மூலைக்கு மூலையாகப் புதிதாக வெட்டினேன். இரண்டு நாள் பிடித்தது. திட்டிக்கொண்டேதான் செய்தேன், ஆனால் ஒழுங்காகச் செய்தேன்.

காலையில் ஓடவிட்டோம். அஞ்சு மணி நேரம் ஓடியது.

நொச்சிமேடு: முப்பத்து மூன்று நிமிஷம்.

சார் திரையைத் தொட்டுப் பார்த்தார், எண் அழிந்துவிடுமா என்று பார்ப்பதுபோல. நிலத்தை நாங்கள் மாற்றவில்லை. அணையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூட்டவுமில்லை. சதுரத்தைச் சாய்த்து வெட்டினோம், பதினாலு நிமிஷம் காணாமல் போய்விட்டது.

“அந்த ஊர் முக்குல ஒரு போர்டு இருக்கு, பாத்திருக்கியா?” என்றார்.

“இல்ல சார்.”

“மஞ்சப் பெயின்ட். ‘அணை உடைந்தால் வெள்ளம் வந்து சேர 47 நிமிடம்.’ ஆறு வருஷம் ஆச்சு. அந்தக் கணக்கும் இதே முறையில நான் போட்டதுதான். கையெழுத்தும் என்னுதுதான்.”

 

அவர் மேடத்தின் இடத்துக்குப் போனார்.

“மேடம், முப்பத்து மூணு வருது.”

“நொச்சிமேடு நகந்துச்சா சார்?”

“இல்ல.”

“வெள்ளத்துக்கு வடக்கு எது, தெற்கு எதுன்னு தெரியுமா?”

“தெரியாது.”

“அப்போ யாருக்குத் தெரியும்?”

சார் திரும்பித் தன் திரையைப் பார்த்தார்.

“என் கட்டத்துக்கு.”

“ம்” என்றார் மேடம்.

அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம் என்று கேட்க அவருக்கும் தைரியம் இல்லை.

*

அதற்குப் பிறகு சார் சும்மா இருந்தாரா என்றால், இல்லை. எல்லாவற்றையும் முட்டிப் பார்த்தார்.

கட்டம் பெரிதாக இருப்பதுதான் கோளாறு என்று முதலில் நினைத்தார். “பாதியாக் குறைச்சிடலாம் குமுதா” என்றார். பாதியாக்கினால் கட்டங்கள் நாலு மடங்காகும். கட்டம் சின்னதாகும்போது தாவலும் சின்னதாக வேண்டும், ஏனென்றால் ஒரு தாவலில் அலை ஒரு கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டால் கணக்கு சிதறிவிடும். ஆக எட்டு மடங்கு வேலை. அஞ்சு மணி நேரம் ஓடியது நாற்பது மணி நேரம் ஓடியது.

நேர்க் கட்டத்தில் நாற்பத்தேழு, நாற்பத்தஞ்சு ஆனது.

“இறங்குது பாத்தியா! இன்னும் பாதியாக்கினா?”

“பதிமூணு நாள் ஓடும் சார். கூட்டம் பதினாலாம் நாள்.”

அதை விட்டார். சாய்த்த கட்டத்தையே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். அதிலும் சிக்கல் இருந்தது. நொச்சிமேடு மாதிரி மூலைவாக்கில் இல்லாமல், அணைக்கு நேர் தெற்கே கொழிஞ்சிப்பட்டி என்று ஒரு ஊர். நேர்க் கட்டத்தில் அதற்கு இருபது நிமிஷம். சாய்த்த கட்டத்தில் இருபத்தெட்டு. இந்த ஊருக்காகச் சாய்த்தால் அந்த ஊர் கெடுகிறது.

“ஊருக்கு ஒரு கட்டம் போட்டா என்ன?” என்று என்னைக் கேட்டார்.

“மொத்தம் பதினேழு ஊர் சார். எனக்கு ஒரு வாழ்க்கைதான் இருக்கு.”

சிரித்தார். ஆனால் முகம் வாடிப்போயிருந்தது. சாப்பாட்டு டப்பா திறக்காமல் அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போவதை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் ஆள் வேறு மாதிரி வந்தார். சட்டை மடிப்புக் கலையவில்லை. கையில் ஒரே ஒரு தாள்.

“தீர்ந்துச்சு குமுதா. ரெண்டுக்கும் நடுவுல எடுத்துட்டேன். நாற்பத்தேழும் முப்பத்து மூணும் எண்பது. பாதி நாற்பது.”

“நாற்பதா?”

“சரியா நாற்பது. விதிக்கும் ஒத்துவருது.”

பொறியாளர்களிடம் இது ஒரு வழக்கம். இரண்டு அளவு ஒத்துப்போகவில்லை என்றால் கூட்டி இரண்டால் வகுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. இரண்டு பக்கத்துக்கும் நியாயம் செய்த மாதிரி இருந்தது.

மேடம் தாளை வாங்கிப் படித்தார். நிதானமாக, இரண்டு தடவை.

“சார், ஒரு கணக்கு நாற்பத்தேழுல வெள்ளம் வரும்னு சொல்லுது. இன்னொரு கணக்கு முப்பத்து மூணுல வரும்னு சொல்லுது.”

“ஆமா.”

“நாற்பதுல எந்த வெள்ளம் வரும்?”

சார் தாளை மேடத்தின் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“எனக்கு இது வராது மேடம்” என்றார். “ஐம்பத்து நாலு வயசுல ஆசைப்பட்டு வந்துட்டேன். இலாகாவுக்கு எழுதிடுங்க, ஆள் லாயக்கு இல்லன்னு. வேற யாரையாவது அனுப்புவாங்க. ஆறு வருஷமா அந்தச் சனங்க என் எண்ணை நம்பிட்டு இருக்காங்க.”

மேடம் எழுந்தார். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“உட்காருங்க சார். டீ வருது” என்றார்.

*

எங்கள் அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெஞ்சு உயரத்துக்குப் பிளைவுட் தடுப்பு வைத்து, ஆளுக்கு ஒரு சதுரமாகப் பிரித்திருப்பார்கள். மேடத்தின் இடம் கதவோரம். அவருக்குப் பக்கத்தில் சார். சாருக்கு எதிரே நான். அதாவது மேடத்துக்கு நான் மூலைக்கு மூலை. மேடத்துக்கு எதிரே இருக்கும் நாலாவது இடத்தில் ஆள் கிடையாது, கட்டுக்கட்டாகப் பழைய ஃபைல்தான்.

நடக்கிற வழி குறுகல். அதனால் டீயைக் கைமாற்றிக் கொடுப்பது எங்கள் அறையின் பழக்கம். கேன்டீன்காரர் கதவோரம் தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார். மேடம் ஒரு டம்ளரைத் தடுப்புக்கு மேலே சாரிடம் நீட்டுவார். சார் கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு, டம்ளரை எனக்கு நீட்டுவார். எனக்கு வரும்போது டீயில் ஆடை கட்டியிருக்கும். சார் வந்ததிலிருந்து நான் ஆறின டீதான் குடிக்கிறேன், என்னைக் கேட்பார் யார்?

அன்றைக்கு டீ வந்தது.

மேடம் ஒரு டம்ளரை எடுத்தார். சார் வாங்குவதற்குக் கையை நீட்டினார். மேடம் கொடுக்கவில்லை. நாலு தடுப்பும் ஒன்றாகச் சேர்கிற மூலைக்கு வந்து, எக்கி நின்று, கையை அதற்கு மேலே நீட்டினார். நேராக என் கைக்கு.

“குமுதா, சூடா இருக்கா?”

“கொதிக்குது மேடம்.”

மேடம் சாரைப் பார்த்தார்.

“சார், உங்க கணக்குல குமுதாவுக்கு டீ எப்போ போகும்?”

சாரின் கை இன்னும் காற்றில் நீட்டியபடியே இருந்தது.

“முதல் தாவல்ல எனக்கு வரும்” என்றார் மெதுவாக. “ரெண்டாவது தாவல்ல அவங்களுக்குப் போகும்.”

“உங்க கட்டத்துக்கு எத்தனை அண்டை வீடு சார்?”

“நாலு. கிழக்கு, மேற்கு, வடக்கு, தெ…”

நிறுத்திவிட்டார்.

தடுப்புகள் கூடுகிற அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“அடப்பாவி” என்றார், தன்னைத்தானே. “மூலையை விட்டுட்டேனே.”

*

தெரிந்துகொள்வது ஒரு வேலை என்றால், எழுதி முடிப்பது இன்னொரு வேலை. ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் தண்ணீர் நாலு பக்கம் மட்டும் இல்லாமல் நாலு மூலைக்கும் அதே தாவலில் போகிற மாதிரி சார் நிரலை மாற்றி எழுத ஆரம்பித்தார்.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் படாத பாடு பட்டார். முதல் நாள் ஒரு கட்டத்தில் தண்ணீர் மைனஸ் மூன்று மீட்டர் காட்டியது.

“மண்ணுக்குள்ள போயிடுச்சு போல” என்றேன்.

இரண்டாவது நாள் அலை இமயமலையைத் தாண்டும் உயரத்துக்குப் போய், கம்ப்யூட்டரே கைவிரித்துவிட்டது. மூன்றாவது நாள் தண்ணீர் மேட்டுக்கு ஏறியது. மூலைக்குக் கொடுத்ததைப் பக்கத்துக்குக் கொடுத்ததிலிருந்து கழிக்க மறந்திருந்தார். ஒரே தண்ணீரை இரண்டு பேருக்குக் கொடுத்தால் அது பெருகத்தானே செய்யும்?

ஒவ்வொரு நாளும் மாலையில் மேடத்திடம் போய் நிற்பார்.

“இன்னும் சிதறுது மேடம்.”

“நல்லது” என்பார் மேடம்.

“நல்லதா?”

“பழைய கணக்கு சிதறவே இல்லையே சார்.”

ஐந்தாவது நாள் மேடம் தானாகவே வந்து சாரின் பின்னால் நின்றார். வந்து நின்றதே எங்களுக்கு அதிசயம்.

“நொச்சிமேட்டைக் கொஞ்சம் மறந்துடுங்க. தட்டையான தரை. நடுவுல வட்டமா ஒரு தொட்டி நிறையத் தண்ணி. சுவரை எடுங்க. என்ன ஆகுதுன்னு பாருங்க.”

முதலில் பழைய நிரலில் போட்டுப் பார்த்தார். வட்டத் தொட்டியிலிருந்து கிளம்பிய தண்ணீர், போகப்போக நாலு முனையுள்ள பட்டம் மாதிரி ஆகிவிட்டது. நேர் கிழக்கே வேகமாகப் போகிறது, வடகிழக்கே நொண்டுகிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் இதை ஒரு தடவை போட்டுப் பார்த்திருந்தால் போதும். பத்து நிமிஷ வேலை. அதைச் சார் சொல்லவில்லை, குனிந்திருந்த அவர் கழுத்து சொன்னது.

பிறகு புதிய நிரலில், மிச்சமிருந்த பிழையையும் திருத்திவிட்டுப் போட்டார்.

தண்ணீர் வட்டமாகப் போனது. கல்லில் தோசைமாவை இழுத்த மாதிரி, எந்தப் பக்கமும் கோணாமல், வட்டம்.

“குமுதா! வட்டம்! வட்டம்டீ!” என்று கத்திவிட்டார். முப்பது வருஷ சர்வீஸில் யாரையும் ‘டீ’ போட்டுப் பேசாத மனுஷன். பிறகு வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, இதில் மன்னிக்க என்ன இருக்கிறது?

அடுத்த நாள் நொச்சிமேடு. நேர்க் கட்டத்தில் முப்பத்து நாலு. சாய்த்த கட்டத்தில் முப்பத்து மூன்று. கொழிஞ்சிப்பட்டிக்கு இரண்டிலும் இருபது.

சார் பத்திரத்துக்குக் குறைந்ததையே எடுத்து, அறிக்கையில் முப்பத்து மூன்று என்று எழுதி மேடத்திடம் நீட்டினார்.

“நீங்க முதல்ல போடுங்க” என்றார் மேடம்.

சார் பேனாவை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார்.

“கை நடுங்குது மேடம்.”

“நாற்பத்தேழுக்குப் போட்டப்போ நடுங்குச்சா?”

“இல்ல.”

“அப்போ இதை நம்பலாம்” என்று சொல்லிவிட்டு, அவர் போட்டு முடித்ததும் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

*

ஊர்க் கூட்டம் நொச்சிமேட்டுச் சமுதாயக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில். நாங்கள் மூன்று பேரும் போயிருந்தோம். எண்பது தொண்ணூறு பேர் வந்திருந்தார்கள், பாதிக்கு மேல் பெண்கள். என் வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தேன்.

சார் முன்னால் போய் நின்றார். சுற்றி வளைக்கவில்லை.

“ஊர் முக்குல நாற்பத்தேழு நிமிஷம்னு எழுதியிருக்கு. அந்தக் கணக்குப் போட்டவன் நான்தான். அது தப்பு. முப்பத்து மூணு நிமிஷம்தான் உங்களுக்கு இருக்கு. ஆறு வருஷம் தப்பான எண்ணை உங்களைப் படிக்க வச்சதுக்கு என்னை மன்னிக்கணும்.”

திட்டப்போகிறார்கள் என்று நான் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். பஞ்சவர்ணம், அந்த வார்டு மெம்பர். நாற்பது வயசு இருக்கும். இடுப்பில் அண்ணன் மகளோ யாரோ, ஒரு கைக்குழந்தை.

“ஏன் சார், அணை நகந்து கிட்ட வந்துட்டோ?”

கூடமே சிரித்தது. சாரும் சிரித்துவிட்டார்.

“இல்லம்மா. வெள்ளம் கோணவழியா, கட்டத்துக்குக் கட்டம் திரும்பித் திரும்பி வரும்னு என் கணக்கு நெனச்சுச்சு. அது குறுக்கே நேரா வரும்.”

“அது எங்களுக்குத் தெரிஞ்சதுதானே. மழைத் தண்ணி எப்பவும் அந்தக் குறுக்கத்தான் வரும்.”

சார் வரைபடத்தில் ரோட்டைக் காட்டினார்.

“இனிமே உங்க ஊருக்குன்னு தனிச் சங்கு வரும். அதுக்கு ஏற்பாடு ஆயிடுச்சு. ஆனா ஒரு சங்கடம் இருக்கு, மறைக்க மாட்டேன். இங்க இருந்து மேற்கே போயி, கோயில் முக்குல வடக்கே திரும்பி, பாறைமேட்டுப் பள்ளிக்கூடம். நேத்து நானே நடந்து பாத்தேன். நாற்பத்தொரு நிமிஷம் ஆகுது.”

முப்பத்து மூன்றும் நாற்பத்தொன்றும். கூட்டத்தில் எல்லோருக்கும் அந்தக் கழித்தல் தெரியும். சிரித்த முகமெல்லாம் மாறிவிட்டது. ஒரு பெரியவர், “அப்பம் எல்லாரும் சாவ வேண்டியதுதானா?” என்றார்.

சார் மேடத்தைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஏதாவது ஒன்று இருக்கும், இவரிடம் எப்போதும் இருக்கும் என்று.

மேடம் தலையை ஆட்டினார். “எனக்குத் தெரியல சார்.”

அப்படி அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

பஞ்சவர்ணம் இன்னும் உட்காரவில்லை.

“ரோட்டுல எதுக்கு சார் நடந்தீய?”

“வேற வழி எங்கம்மா இருக்கு?”

“இருக்குல்லா. வரப்பு மேல குறுக்கப் போனா பாறைமேடு வந்துரும். நாங்க வேலைக்குப் போறது, ரேசனுக்குப் போறது எல்லாம் அப்படித்தான். ரோட்டுல எவம் போவான், வெயில்ல?”

சார் வரைபடத்தைப் பார்த்தார். அந்த வழி அதில் இல்லை. ஏற்றியவள் நான். ரோடு, ரயில், ஆறு, கட்டடம் எல்லாவற்றையும் ஏற்றினேன். வரப்பை ஏற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு நாள் உட்கார்ந்து சதுரத்தைச் சாய்த்து வெட்டினவளுக்கு, மனுஷர்களும் சாய்வாக நடப்பார்கள் என்று தோன்றவில்லை.

“நடுவுல வாய்க்கா ஒண்ணு கெடக்கு” என்றார் பஞ்சவர்ணம். “தண்ணி விடாத நாளு எறங்கி ஏறிருவோம். விட்ட நாளு ஒத்தைப் பனந்தடிதான். எங்களுக்குப் பழக்கம். வயசானவிய தடியில ஏற மாட்டாவ. நீங்க ஒரு சின்னப் பாலம் போட்டுத் தந்தாப் போதும்.”

“அது என் அதிகாரத்துலயே வரும்” என்றார் சார் சட்டென்று. “அடுத்த மாசமே போட்டுடலாம்.”

மெஹர் மேடம் நாற்காலியிலிருந்து எழுந்தார். கைப்பையிலிருந்து சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்து மூடியைத் திறந்து, பஞ்சவர்ணத்திடம் நீட்டினார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் போகாமல், கீழே பெண்களோடு தரையில் உட்கார்ந்துகொண்டார்.

பஞ்சவர்ணம் குழந்தையை இடுப்பில் ஏற்றிவிட்டுக்கொண்டு சுவருக்கு வந்தார். நொச்சிமேட்டில் பேனாவை வைத்து, ரோட்டைச் சட்டை செய்யாமல், பாறைமேடு வரைக்கும் ஒரே கோடாக இழுத்தார். வாய்க்கால் வருகிற இடத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

சார் நோட்டைத் திறந்தார்.

“எத்தனை நிமிஷம்மா ஆகும்?”

“சும்மா கைய வீசிக்கிட்டுப் போனா இருபது. இப்படிப் புள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டுப் போனா இருபத்தஞ்சு.”

“அப்போ நான் இதுல எதை எழுதட்டும்?”

பஞ்சவர்ணம் சாரை ஏற இறங்கப் பார்த்தார்.

“புள்ளைய விட்டுட்டு எவ சார் போவா? இருபத்தஞ்சுன்னே எழுதுங்க.”